நுண்சுருதியோ, அபசுரமோ?

எமது மாணவரிடத்தே அண்மையில் ஒரு வழக்கம் தோன்றியுள்ளது. பாடுங்கால் கைத்தொலைபேசியிற் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைக்கின்றனர். முள் நடுவில் நின்றாற் சுரம் சரி, விலகினாற் பிழை என்பது அவர்தம் முடிபு. கினிகத்தேனைத் தோட்டத்துக் கோயில்களில் நாதசுரம் கேட்டு வளர்ந்த செவிகளே இவை. ஆயினும் தோடியிற் காந்தாரத்தை அசைத்துப் பாடிய மாணவியொருத்தியை ‘அபசுரம்’ என்று நகைத்தனர். ஆதலின் இதனை ஆராயப் புகுந்தோம்.

அம்முள்ளுக்கு அளவுகோல் யாது? பியானோவுக்கென ஒரு ஸ்தாயியைப் பன்னிரு சம பங்காக்கிய மேனாட்டு முறையே. எச்சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் ஒரே பாட்டை வாசிக்கலாம் என்னும் வசதிக்காக, இயற்கை விகிதங்களை அம்முறை சிறிது விட்டுக்கொடுத்தது. சட்சத்தை நொடிக்கு 240 அதிர்வு என வைப்போம். 5:4 என்னும் விகிதப்படி அந்தர காந்தாரம் 300. பியானோக் கணக்கில் ஏறக்குறைய 302.4. பஞ்சமத்தில் வேறுபாடு அற்பமே. காந்தாரத்திலும் இரண்டரை அதிர்வுதானே என்பீர். தம்புராவின் சட்சத் தந்தியை மீட்டினால் அதன் ஐந்தாம் மடங்காகிய 1200 தானே எழும். சுயம்பு காந்தாரம் என்பர். 300இன் நான்காம் மடங்கும் 1200 ஆதலின் இரண்டும் இழையும். 302.4இன் நான்காம் மடங்கோ 1209ஐக் கடந்து, 1200உடன் மோதி நொடிக்கு ஒன்பது பத்து முறை துடிக்கும். எனவே தம்புராவின் முன் அபசுரமாவது முள் காட்டும் சுரமே!

ஆர்மோனியத்துக்கும் இக்குறை உண்டு. கமகமும் அதில் வாராது. அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கிற்று. 1971இலேயே அத்தடை ஓரளவு தளர்ந்தது. தோட்டத்துப் பஜனைகளுக்கு அது செய்த தொண்டை யாம் குறைத்துக் கூறோம்.

பண்டைத் தமிழர் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என 22 அலகு வகுத்தனர். காரைதீவில் அவதரித்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியான யாழ் நூலில் இவ்விசைக் கணக்கை விரிவுற ஆய்ந்தார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதரோ 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் 24 சம சுருதி என வாதிட்டார். இவ்வழக்கைத் தீர்ப்பது எமது நோக்கமன்று. பாடுவோர் எண்ணி நிறுத்துவதில்லை என்பதே எமக்கு முக்கியம். ஜைராஸ்போய், ஸ்டோன் என்போர் 1963இல் இந்துஸ்தானிக் கலைஞரின் சுரங்களை அளந்தபோது, ஒரே சுரம் ஆளுக்காள் வேறுபடக் கண்டனர். தோடியின் காந்தாரமும் ஒரு புள்ளியன்று. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே ஊசலாடும் இயக்கம். அதனை ஒரு புள்ளியில் நிறுத்தினால் முள் மகிழும், தோடி மறையும்.

அங்ஙனமாயின், தவறிப் பாடுவோனும் ‘நுண்சுருதி’ என்று தப்பிக்கலாமோ? ஆகாது. கருதிய அசைவை இரண்டாம் முறையும் அவ்வாறே பாடிக் காட்டல் வேண்டும். மீண்டு சட்சத்தில் இறங்குங்கால் துடிப்பின்றித் தம்புராவுடன் ஒன்றல் வேண்டும். அம்மாணவி இரண்டையும் செய்தாள். சட்சமும் பஞ்சமமும் இன்னும் நில்லாத மாணவனோ, தோடியை நாடாது மாயாமாளவகௌளையிலேயே ஓராண்டு இருக்கட்டும். முதல் ஆறு மாதம் கைத்தொலைபேசி பைக்குள் உறங்கட்டும்.