தொடாமல் ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: தங்கச்சிக்குக் காலில் தீக்காயம். அதன்மேல் ஜெல் பூசி ஸ்கேன் எடுக்கப் பயப்படுகிறாள். தொடாமலே ஒளியால் எடுக்கும் முறை இருக்கிறதாமே?
– வாசகி, குருவிட்ட

பதில்: இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆய்வுகூடங்களில்தான். விட்டுவிட்டு விழும் வெளிச்சம் பொருள்களில் ஒலி எழுப்புவதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880-லேயே கண்டார். இன்று அந்த வேலையை லேசர் செய்கிறது. நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் லேசர் துடிப்பை இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சி, துளி சூடாகி, விரிந்து மீயொலி எழுப்பும். அந்த ஒலி காற்றுக்குள் வராது. தோலில் மோதி ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். அதனால்தான் ஜெல்.

ஜெல் இல்லாமல் கேட்க இரண்டாவது லேசர் வேண்டும். மீயொலி முட்டும்போது தோல் நானோமீற்றர் அளவில் அதிரும். பட்டுத் திரும்பும் ஒளியில் அது பதியும். கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரோஜர் செம்ப் குழுவினர் 2017-ல் வெளியிட்ட முறை எனக்கு இன்னும் பிடித்தது. ஒலி பிறக்கும் இடத்திலேயே, திரும்பும் ஒளியின் அளவு மாறுவதை அது பிடித்துவிடுகிறது. மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்களும் தெரியும். ஆழம்தான் குறை: ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்.

தங்கச்சி இதற்காகக் காத்திருக்க வேண்டாம். காயம் இருப்பதை முதலிலேயே டொக்டரிடம் சொல்லுங்கள்; கிருமி நீக்கிய ஜெல்லும் உறையும் கொண்டு கவனமாக எடுப்பார்கள்.