விரத நாளும் சர்க்கரை மாத்திரையும்

இந்த மாதப் பாடம் மருந்தைப் பற்றியது. தைப்பூசம், தீமிதி என்று விரதக் காலம் நெருங்கும்போது நம் புக்கிட் மேரா வட்டாரத்துப் பெரியவங்க கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, விரதம் இருக்கேன், சர்க்கரை மாத்திரை போடலாமா?" நான் மருந்தகத்தில் வேலை பார்ப்பதால் கோவிலிலும் கேட்பாங்க, மின்தூக்கியிலும் கேட்பாங்க.

இதுக்கு "போடலாம்", "வேணாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. எந்த மாத்திரை என்று தெரிஞ்சாதான் சொல்லலாம். அதனால் மருந்து எப்படி வேலை செய்கிறது, பக்கவிளைவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

பக்கவிளைவு என்றால் என்ன?

மருந்தில் ஏதோ அழுக்கோ நஞ்சோ கலந்திருப்பதால்தான் பக்கவிளைவு வருது என்று பலர் நினைக்கிறாங்க. பெரும்பாலும் அப்படி இல்லை. மருந்து தன் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் நாம் கேட்காத இடத்திலும் செய்கிறது, அல்லது தேவைக்கு மேல் செய்கிறது.

மூக்கு ஒழுகினால் போடும் குளோர்ஃபெனிரமின் மாத்திரையை எடுத்துக்கங்க. ஒவ்வாமை வரும்போது உடம்பில் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளியாகும். தும்மலும் அரிப்பும் அதனால் வருபவை. மாத்திரை அந்த ஹிஸ்டமினைத் தடுக்கிறது. ஆனால் நம் மூளை விழித்திருப்பதற்கும் ஹிஸ்டமின் வேணும். மாத்திரை மூளைக்குள்ளும் போய் அங்கேயும் தடுப்பதால் தூக்கம் வருது. மூக்கில் நடந்ததும் மூளையில் நடந்ததும் ஒரே வேலைதான்.

வலிக்குப் போடும் ஐபுபுரோஃபெனும் அப்படித்தான். உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் செய்வதை அது குறைக்கிறது. ஆஸ்பிரின் இந்த வழியில்தான் வேலை செய்கிறது என்று 1971ல் கண்டுபிடித்துச் சொன்னவர் இங்கிலாந்தின் ஜான் வேன். அதற்காக 1982ல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். புரோஸ்டாகிளாண்டின் குறைந்தால் வலியும் வீக்கமும் குறையும். ஆனால் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காப்பாற்றுவதும் அதே பொருள்தான். அதனால்தான் வெறும் வயிற்றில் போடாதீங்க என்கிறோம். டெங்கி என்று சந்தேகம் இருந்தால் ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். டெங்கியில் ஏற்கனவே ரத்தக்கசிவு அபாயம் உண்டு, இந்த மருந்துகள் அதைக் கூட்டும்.

பக்கவிளைவிலிருந்து பிறந்த மாத்திரை

இப்போ சர்க்கரை மாத்திரைக்கு வருவோம். 1942ல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர், டைஃபாய்டு நோயாளிகளுக்குக் கிருமியைக் கொல்ல ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்தார். சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது. அதே ஊரில் இருந்த ஆராய்ச்சியாளர் ஒகுஸ்த் லூபதியே இதை ஆராய்ந்தார். அந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியே வரவைக்கிறது என்று காட்டினார். டைஃபாய்டு நோயாளிக்கு ஆபத்தாக இருந்தது, நீரிழிவு நோயாளிக்கு மருந்தாகிவிட்டது.

அந்தக் குடும்பத்தில் பிறந்தவைதான் கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிக்ளசைடு. இவற்றுக்கு சல்ஃபோனில்யூரியா வகை என்று பெயர். நாம் சாப்பிட்டு ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கணையம் தானாக இன்சுலினைத் திறந்துவிடும். இந்த மாத்திரையோ, சாப்பிட்டீங்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தின் கதவை அதுவே தட்டித் திறந்துவிடும். இந்தப் பாடத்தில் நீங்க மறக்கக் கூடாத வாக்கியம் இதுதான்.

2008ல் சிங்கப்பூரில் நடந்தது

இது எவ்வளவு பலமான வேலை என்பதை நம் ஊரே ஒருமுறை பார்த்தது. 2008 ஜனவரி முதல் மே வரை, நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை அளவு கடுமையாக இறங்கி, ஐந்து பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 127 பேரின் பரிசோதனையில் கிளிபென்கிளமைடு தெரிந்தது. ஆண்மை வீரியத்துக்கு என்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில் அது கலந்திருந்தது. போலி சியாலிஸும் அதில் அடக்கம். ஏழு பேர் ஆழ்ந்த மயக்கத்துக்குப் போனார்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள்.

யோசிச்சுப் பாருங்க. கிளிபென்கிளமைடு மருத்துவர்களே எழுதிக் கொடுத்த நல்ல மருந்து. அந்த 150 பேர் விஷயத்திலும் அது தன் வேலையைத்தான் செய்தது. தேவையில்லாத உடம்பில், தேவையில்லாத அளவில் செய்தது. மூளைக்கு முக்கிய எரிபொருள் சர்க்கரை. அது கிடைக்காமல் நேரம் போனால் மூளை திரும்ப வராத அளவுக்குப் பழுதாகும்.

விரதத்தில் என்ன ஆகும்?

இப்போ நம் வீட்டுக்கு வாங்க. பாட்டி நாற்பத்தெட்டு நாள் விரதம். ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனால் டாக்டர் சொன்ன மாத்திரையைத் தவறாமல் காலையில் போட்டுக்கிறாங்க. சாமிக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாத்துறாங்க, டாக்டர் பேச்சையும் கேக்குறாங்க. ஆபத்து வருவது இப்படி ஒழுங்காக இருப்பவருக்குத்தான். உணவு வராத வயிற்றில் கணையக் கதவு திறந்துவிடுகிறது.

எல்லா மாத்திரையும் இப்படி இல்லை. மூன்று வகையைத் தெரிஞ்சுக்கங்க.

ஒன்று, மெட்ஃபார்மின். இது கல்லீரல் சர்க்கரையை வெளியே அனுப்புவதைக் குறைக்கிறது. கணையத்தைத் தட்டுவதில்லை. அதனால் இதை மட்டும் போடுபவருக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அரிது. வயிற்றைப் புரட்டலாம், வயிற்றுப்போக்கு வரலாம். சாப்பாட்டோடு போட்டால் குறையும். பல வருஷம் போடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவருக்கு அந்தச் சத்து ஏற்கனவே குறைவாகவே கிடைக்கும் என்பதால், கை கால் மரத்துப்போனால் டாக்டரிடம் சொல்லணும்.

இரண்டு, மேலே சொன்ன கிளிபிசைடு, கிளிக்ளசைடு வகை. இன்சுலின் ஊசியும் இந்த வரிசையில்தான் வரும். விரதத்தில் அதிகக் கவனம் வேண்டியது இவற்றுக்கு.

மூன்று, எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன, கூடவே தண்ணீரும் போகும். பட்டினி கிடந்து, தண்ணீரும் குறைத்துக்கொண்டு, வெயிலில் ஊர்வலம் நடந்தால் உடம்பு வறளும். ரத்தத்தில் அமிலம் ஏறவும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதுகூட இது நடக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனை.

நாம் செய்யவேண்டியது

விரதத்தை விடச் சொல்ல நான் வரவில்லை. மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் சரியான வழி இல்லை. சர்க்கரை ஏறி வேறு ஆபத்தில் முடியும். விரதம் தொடங்க சில வாரம் முன்பே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்க. "ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவாங்க, எந்த நேரத்தில்" என்று தெளிவாகச் சொல்லுங்க. மருத்துவர் அளவையும் நேரத்தையும் மாற்றித் தர முடியும். சிலருக்கு விரதமே வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்போ பால் பழத்தோடோ, பேச்சில் அடக்கத்தோடோ, கோவில் தொண்டிலோ நேர்த்தியைச் செலுத்தலாம். திருமூலரே உடம்பைப் பேணச் சொன்னவர்தானே.

தேக்காவில் வாங்கிய லேகியம், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த பொடி எல்லாவற்றையும் மருந்துப் பையோடு எடுத்துப்போய்க் காட்டுங்க. பெயரும் உள்ளடக்கமும் தெரியாத எதையும் வாங்காதீங்க. 2008 அதற்குச் சாட்சி.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம். இவற்றைப் பார்த்தால் "சாமி வந்திருக்கு", "விரதக் களைப்பு" என்று விட்டுவிடாதீங்க. விரலில் குத்திப் பாருங்க. 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்க. 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்க. இன்னும் குறைவாக இருந்தால் மறுபடி கொடுங்க. ஏறியதும் ஏதாவது சாப்பிட வைக்கணும், ஏனென்றால் மாத்திரையின் வேலை பல மணி நேரம் ஓடும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீங்க. 995ஐ அழையுங்க.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டுப் பெரியவரின் மருந்துப் பையில் உள்ள சர்க்கரை மாத்திரைகளின் பெயர்களை எழுதுங்க. மேலே சொன்ன மூன்று வகையில் அவை எதில் வரும்?

2. குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைத் தருவதற்கும், கிளிபென்கிளமைடு மயக்கம் வரவைத்ததற்கும் உள்ள ஒற்றுமை என்ன?

3. விரதம் இருக்கும் பாட்டியிடம், அவங்க மனசு நோகாமல் "டாக்டரைப் பார்த்துட்டு ஆரம்பிக்கலாம்" என்று எப்படிச் சொல்வீங்க? இருவர் இருவராகப் பேசிப் பாருங்க.