நிலையான ஐபி: கையால் போடுவதா, ரவுட்டரிடம் ஒதுக்கி வைப்பதா?

நெட்வொர்க்கிங் படிக்கும் மாணவர்கள் பலர், வீட்டுக்குப் புது ரவுட்டர் வந்ததும் இருக்கிற கருவிகளுக்கெல்லாம் ஐபி முகவரியைக் கையால் அடித்து வைக்கிறார்கள். ஸ்டாட்டிக் போட்டால் வேகம் கூடும் என்று ஏதோ ஒரு வீடியோ சொல்லியிருக்கும். அல்லது கேமரா மாட்ட வந்தவர் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அப்பா பிள்ளையை விரட்டுவார். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முகவரி எந்த வழியில் வந்தாலும் பாக்கெட் ஒரே மாதிரிதான் போகும்.

போனுக்கும் மடிக்கணினிக்கும் டிஎச்சிபி வழியே ரவுட்டர் தானாகத் தரும் முகவரியே போதும். பிரிண்டர், கேமரா பதிவுப்பெட்டி, கோப்பு சர்வர் என மற்றவை தேடி வரும் கருவிகளுக்குத்தான் மாறாத முகவரி வேண்டும். அதைக் கருவிக்குள் போய் எழுதலாம். ரவுட்டரில் அந்தக் கருவியின் மேக் முகவரிக்கென ஓர் எண்ணை ரிசர்வ் செய்தும் வைக்கலாம்.

கையால் எழுதுவதில்தான் ஆபத்து. ரவுட்டர் 192.168.1.100 முதல் 200 வரை பகிர்ந்து கொடுக்கிறது என்று வையுங்கள். மாணவர் பிரிண்டரில் 105 என்று எழுதுகிறார். ரவுட்டருக்கு அது தெரியாது. பிரிண்டர் அணைந்திருக்கும் நேரத்தில் வந்த விருந்தாளியின் போனுக்கு அதே 105-ஐக் கொடுத்துவிடும். பிறகு பிரிண்டரைப் போட்டால், 105 யார் என்று கேட்கும் ஏஆர்பி கேள்விக்கு இரண்டு பேர் பதில் சொல்வார்கள். ஒரு நேரம் அச்சாகும், ஒரு நேரம் ஆகாது. முழுதாகச் செத்த இணைப்பைக் கண்டுபிடித்துவிடலாம். இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறுதான் ஆளைக் கொல்லும். கையால் எழுதும்போது கேட்வே தப்பானால் வீட்டுக்குள் எல்லாம் ஓடும், வெளியே போகாது. டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டால் ஐபி எண்ணுக்குப் பிங் போகும், இணையதளம் திறக்காது. புது ரவுட்டர் 192.168.0.1 என்று வந்தால் கையால் எழுதிய கருவிகள் அத்தனையும் துண்டிக்கப்படும்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தை நான் பொறுப்பேற்றபோது கணினிகள் முழுக்கக் கையால் எண்ணிட்டவை. எது யாருக்கு என்ற பதிவேடு கிடையாது. அன்றிலிருந்து ரிசர்வேஷன் பக்கம்தான் நான். முகவரிகள் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன.

ரவுட்டர், டிஎச்சிபி சர்வர், சுவிட்சின் நிர்வாக முகவரி ஆகியவற்றுக்குக் கையால் எழுதுவதே சரி. டிஎச்சிபி படுத்தாலும் இவை கிடைக்க வேண்டும். எண் மட்டும் ரவுட்டர் பகிரும் வரம்புக்கு வெளியே, 2 முதல் 50-க்குள் இருக்கட்டும்.

   

ரிசர்வ் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஒரே கருவியின் ஈதர்நெட்டுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. கேபிளில் ஓடப்போகிற பிரிண்டருக்கு ஈதர்நெட்டின் மேக்கைத்தான் ரவுட்டரில் எழுத வேண்டும்.