கரிசல் நிலத்துக் கூடாரம்

பிறந்த நாட்டை நீங்கி, மொழியறியா நிலத்தில் சென்று வாழ்தல் எளிய செயலன்று. பொருள் தேடிச் செல்வோர்க்கு, ஈட்டியதோடு ஒருநாள் திரும்புவோம் என்னும் எண்ணம் துணை நிற்கும். கல்வி தேடிச் செல்வோர்க்குப் பெறப்போகும் பட்டம் துணை நிற்கும். தாம் மெய்யென நம்பிய ஒன்றைப் பிறர்க்கு உரைத்தற்பொருட்டே கடல் கடந்து செல்வோர்க்குத் துணை யாது? அவர்தம் நெஞ்சுறுதி ஒன்றே.

மேனாட்டிலிருந்து தமிழகம் போந்த கிறித்தவத் தொண்டர் பலரை நாம் அறிவோம். கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். போப்பையர் 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். நூலால் நிலைத்த பெயர்கள் இவை. நூலால் அன்றி, நடந்த நடையால் வாழ்ந்த ஒருவரும் உளர். அவரே ராக்லண்டு ஐயர்.

இராசபாளையத்துக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஆலங்குளம் என்னும் ஊர் உள்ளது. மேற்கே மலைத்தொடர் நீலநிறங்கொண்டு நிற்கும். ஆண்டாளும் பெரியாழ்வாரும் தோன்றிய திருவில்லிபுத்தூரின் கோபுரம் அம்மலைப்பக்கத்தே வானளாவி விளங்கும். கிழக்கே செல்லச் செல்லக் கரிசல் மண் விரியும். பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்த பூமி இது. கோடையில் இம்மண் வெடித்துப் பிளக்கும். ஐப்பசி மழையில் குழைந்து, நடப்பார் காலையும் வண்டிச் சக்கரத்தையும் பற்றி இழுக்கும். இன்று விருதுநகர் மாவட்டத்தைச் சார்ந்த இப்பகுதி, அந்நாளில் திருநெல்வேலிச் சீமையின் வடபாகமாய் இருந்தது. இந்நிலப்பரப்பே ராக்லண்டு ஐயர் தம் இறுதியாண்டுகளைக் கழித்த களம்.

தாமஸ் ராக்லண்டு 1815-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையில் லிவர்ப்பூல் நகரில் உறவினரின் வாணிக நிலையத்தில் பணிசெய்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் புகுந்து, 1841-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அந்நாட்டில் அதனினும் உயர்ந்த கல்விப் பெருமைகள் சிலவே. கல்லூரியிலேயே தங்கி, அமைதியாக வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவரோ தம் முப்பதாம் அகவையையொட்டிச் சென்னைக்கு வந்து, திருச்சபைத் தொண்டர் சங்கத்தின் செயலாளராய் அமர்ந்தார். கணக்கும் கடிதமும் நிறைந்த அப்பணியும் மதிப்புடையதே. ஆயினும், ஊர்தோறும் சென்று எளியோரிடம் பேசவேண்டும் என்னும் வேட்கை அவரை விடவில்லை. 1854-இல் அப்பதவியைத் துறந்து, டேவிட் பென், மெடோஸ் என்னும் இளைஞர் இருவரோடு வடதிருநெல்வேலிக்குப் புறப்பட்டார்.

அங்கே அவர்கள் மாளிகை எடுக்கவில்லை, கூடாரமே வீடாயிற்று. கூடாரத்தை ஓரிடத்தில் அடித்து, சுற்றிலும் நடந்து எட்டக்கூடிய ஊர்களையெல்லாம் காண்பர். பின்னர்க் கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடம் செல்வர். வைகறையில் எழுந்து, வெயில் ஏறுமுன் ஊர்களுக்குச் சென்று, மந்தையிலும் மரத்தடியிலும் கூடியவர்களோடு பேசித் திரும்புவர். நண்பகலில் துணிக்கூரையின்கீழ் வெப்பம் உலைபோல் தகிக்கும். அவ்வெப்பத்திலேயே படிப்பும் கடிதமும் நடைபெறும். வெயில் தாழ்ந்தபின் மீண்டும் ஊர்களை நோக்கி நடை. ஆனி ஆடியில் கணவாய் வழியே வீசும் காற்று புழுதியை வாரி இறைக்கும். கூடாரக் கயிறுகளை அறுக்கும்.

இவை உடல் அறிந்த துன்பங்கள். உள்ளம் அறிந்த துன்பங்கள் இவற்றினும் பெரியன. முதிர்ந்த வயதில் கற்கும் மொழி நாவிற்கு எளிதில் இணங்காது. ஏட்டில் கற்ற தமிழ் வேறு. களத்துமேட்டில் வழங்கும் தமிழ் வேறு. இப்பகுதியில் தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடிகளும் பல. கும்பினியார் ஆட்சி நடந்த காலமாதலின், வெள்ளையர் ஒருவர் ஊருக்குள் வந்தால், வரி கேட்க வந்தாரோ என மக்கள் ஐயுறுதல் இயல்பு. 1857-இல் வடநாட்டில் கிளர்ச்சி எழுந்தபோது அவ்வையம் மிகுந்திருக்கும் என்பதில் வியப்பில்லை. தம் முன்னோர் வழிபாட்டைப் போற்றி வாழ்ந்த மக்கள், புதுச்சமயம் உரைப்பாரை உடனே ஏற்காமையும் இயல்பேயாம். சிலர் அமைதியாகக் கேட்டனர்; சிலர் வாதிட்டனர்; சிலர் எள்ளினர். எவரையும் வற்புறுத்தாது, கேட்போரிடம் உரைத்து, கேளாதோரை வணங்கி, அடுத்த ஊருக்கு நடத்தலே அவர்கள் மேற்கொண்ட முறை.

நோயும் உடன் வந்தது. ராக்லண்டு ஐயரின் நுரையீரல் பழுதுற்றிருந்தது. காசநோய்க்குக் காரணமான கிருமி 1882-இல்தான் கண்டறியப்பட்டது. அதனைத் தீர்க்கும் மருந்து இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான் கிடைத்தது. அக்காலத்தில் அந்நோயுற்றார்க்கு ஓய்வன்றி வேறு மருந்தில்லை. அவரோ ஓய்வை நாடவில்லை. தெற்கே புகைவண்டியும் அன்று இல்லை. சூயசுக் கால்வாய் 1869-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே, தாயகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு விடை வருமுன் பருவமே மாறிவிடும்.

மாணவர்களே, இவ்விடத்து நாம் மறக்கலாகாத ஒன்று உண்டு. அக்கூடாரங்களில் மேனாட்டார் மட்டும் இருந்திலர். தெற்கே பனைநாட்டுச் சபையார் தம்முள் பொருள் திரட்டி, தமிழ் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பினர். அவர்கள் தம் மனைமக்களைப் பிரிந்து வந்து, அதே வெயிலில் நடந்தனர். அதே ஏச்சைக் கேட்டனர். மேனாட்டாரின் பெயர் நூலில் நின்றது. இவர்கள் பெயரை இன்று அறிவார் மிகச் சிலரே. உழைப்பில் பாதி இவர்களுடையது. புகழில் பங்கு பெரிதும் இல்லை. வரலாறு படிப்போர் இக்குறையை உணர்தல் வேண்டும்.

1858-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22-ஆம் நாள், சிவகாசியில் ராக்லண்டு ஐயரின் நுரையீரலிலிருந்து குருதி பெருகிற்று. அன்றே அவர் உயிர் நீத்தார். அகவை நாற்பத்து மூன்று. கூடாரம் அடித்து நான்கே ஆண்டுகள் கழிந்திருந்தன. எண்ணிக் காட்டத்தக்க பயனை அவர் மிகுதியாகக் கண்டாரல்லர். கணிதத்தில் சிறந்த அவ்வறிஞர், தம் வாழ்வில் கூட்டிக் காட்டும் தொகை சிறிதாகவே இருந்ததை அறியாதவரல்லர். ஆயினும் அவர் பணியை நிறுத்தவில்லை. அவர் விட்ட பணியைத் தோழர் தொடர்ந்தனர். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரத்தில் பிற்காலத்தே திருச்சபையாரின் பள்ளிகள் எழுந்தன. டோனாவூரில் வாழ்ந்த எமி கார்மைக்கேல் அம்மையார் ராக்லண்டின் வரலாற்றை நூலாக எழுதினார்.

வந்தவர் கதை இவ்வாறாக, சென்றவர் கதையும் உண்டு. 1903-இல் திருநெல்வேலிக் கிறித்தவர்கள் தமக்கென ஒரு தொண்டர் சங்கம் நிறுவினர். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதன் தூண்களுள் ஒருவர். அச்சங்கத்தார் நிசாம் ஆண்ட தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்குத் தொண்டர்களை அனுப்பினர். நம்மவர் ஆங்கே அயலாராயினர்; தெலுங்கெழுத்தை முதலிலிருந்து கற்றனர்; பழகாத உணவும் தனிமையும் அவர்களையும் வருத்தின. ராக்லண்டு ஐயர் தமிழ் கற்கப் பட்ட பாட்டை அவர்கள் தம் நாவாலேயே அறிந்தனர் அன்றோ! 1912-இல் அசரியா ஆயராக உயர்ந்தார். இங்கிலாந்துத் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

சமயம் எதுவாயினும் ஆகுக. ஒருவர் கொண்ட கொள்கையை நாம் ஏற்கலாம், ஏலாது விடலாம். ஆனால், பயன் கண்ணிற்படாத நாளிலும் கடமையைக் கைவிடாத உறுதி எல்லார்க்கும் உரிய பாடம். கரிசல் நிலத்து உழவர் இதனை நன்கறிவர். மானாவாரி மண்ணில் விதைப்பவர், மழை வருமென்று எவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு விதைப்பதில்லை.

பயிற்சி

1. ராக்லண்டு ஐயர் துறந்த வாழ்வுகள் யாவை?
2. கூடார வாழ்வில் ஒரு நாளின் நிகழ்ச்சிகளை ஒரு பத்தியில் எழுதுக.
3. தெற்கிலிருந்து வந்த உபதேசியார்கள் குறித்து ஆசிரியர் வருந்துவது ஏன்?
4. ‘வந்தவர் கதை, சென்றவர் கதை’ – இரண்டையும் ஒப்பிட்டு விளக்குக.