யாபியைப் பிடிக்கலாம், சமைக்கலாம். ஊருக்கு உயிரோடு மட்டும் வேண்டாம்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து ஷெப்பர்ட்டனுக்கு அருகே குடியிருக்கிறோம். பக்கத்துப் பண்ணைக் குட்டையில் யாபி என்கிற நன்னீர் கிரேஃபிஷ் நிறைய இருக்கிறது. பிள்ளைகள் நூலில் இறைச்சித் துண்டைக் கட்டிப் பிடிக்கிறார்கள்; பாதிக்கு மேல் நழுவிப் போய்விடுகிறது. சரியாகப் பிடிப்பது எப்படி? நண்டுக் குழம்பு மாதிரி வைக்கலாமா? மற்ற நாடுகளில் எப்படிச் சாப்பிடுகிறார்கள்? தஞ்சாவூர்ப் பக்கம் தம்பிக்கு வயலும் குளமும் இருக்கின்றன. நாலைந்தை உயிரோடு கொண்டுபோய் விட்டால் பெருகுமா?
– வாசகி ஒருவர், ஷெப்பர்ட்டன்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெருகக்கூடும், கொண்டுபோகக் கூடாது என்று நான் சொல்வதும் அதனால்தான். இந்திய ஆறு குளங்களில் கிரேஃபிஷ் இயற்கையாகக் கிடையாது. அனுமதியில்லாமல் கொண்டுபோவது சட்டப்படியும் தவறு.

வெளியூர் இனம் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பா பட்ட பாட்டைக் கேளுங்கள். 1860 வாக்கில் வட இத்தாலியில் கிரேஃபிஷ்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பூஞ்சையைப் போன்ற ஒரு நீர்க்கிருமிதான் காரணம். அது அமெரிக்க இனங்களின் உடம்பில் பெரிய தொல்லை தராமல் தங்கியிருக்கும். ஐரோப்பிய இனங்களைத் தொட்டால் ஏரியே காலியாகிவிடும். 1907-ல் அந்த நோய் ஸ்வீடனுக்கு வந்தது. அழிந்த இனத்துக்கு மாற்றாக 1960-களில் கலிஃபோர்னியாவிலிருந்து சிக்னல் கிரேஃபிஷைக் கொண்டுவந்து விட்டார்கள். நோயைத் தாங்கி வளர்ந்த அது, நோயைச் சுமந்தும் திரிந்தது. தப்பிப் பிழைத்திருந்த உள்ளூர் இனமும் பல ஏரிகளில் அதனால் போயிற்று. ஈரம் காயாத ஒரு வலை போதும், இந்தக் கிருமி அடுத்த ஏரிக்குப் போய்விடும்.

தம்பியின் வயலுக்கு நெருக்கமான உதாரணம் ஸ்பெயினில் இருக்கிறது. குவாதல்கிவிர் ஆற்றின் சதுப்பு நிலங்களில் 1970-களில் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துச் சிவப்புக் கிரேஃபிஷை விட்டார்கள். அது நெல்வயல் வரப்புகளில் வளை தோண்டித் தண்ணீரை வடியவிட்டது. இன்று அங்கே அதைப் பிடித்து ஏற்றுமதி செய்து பிழைக்கும் குடும்பங்கள் பல என்பதும் உண்மை. ஆனால் நினைத்தாலும் இனி அதை அங்கிருந்து அகற்ற முடியாது. யாபியும் கரையில் வளை போடும் ஜாதிதான். வயல் நண்டோடு மல்லுக்கட்டும் தஞ்சை விவசாயிக்கு இன்னொரு வளை தோண்டியை நாம் அனுப்பிவைக்க வேண்டாம்.

இனி பிடிக்கும் வழி. உங்கள் பிள்ளைகளின் முறை நல்ல முறை, அவசரம்தான் கெடுக்கிறது. யாபி இரையைக் கொடுக்கால் பற்றினால் லேசில் விடாது. நூல் விறைத்ததும் வெடுக்கென்று இழுக்காமல், அது தானாக நடந்து வருவதுபோலக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நீர்மட்டத்தை நெருங்கும்போதுதான் பிடியை விடும். அதற்குள் இன்னொருவர் கைவலையை அதன் பின்பக்கமாக, அடியில் நுழைத்துவிட வேண்டும். மிரண்டால் அது வாலை அடித்துப் பின்னோக்கித்தான் பாயும். முட்டையோ குஞ்சோ சுமக்கும் தாயை உடனே நீரில் விடுங்கள். ஆபரா ஹவுஸ் வலை என்று விற்றுவந்த கூண்டு பழைய வீடுகளில் இன்னும் கிடக்கும். விக்டோரியாவில் 2019 முதல் அதற்குத் தடை. காற்றை மூச்சிழுக்கும் பிளாட்டிபஸும் ஆமையும் அதற்குள் சிக்கி மூழ்கிச் சாகின்றன. யாராவது சும்மா கொடுத்தால்கூட வாங்காதீர்கள். பண்ணைக் குட்டை அல்லாமல் ஆற்றிலோ ஏரியிலோ பிடிப்பதானால் பெரியவர்களுக்குப் பொதுவாக உரிமம் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த முறை நியூசிலாந்து மாவோரி மக்களுடையது. ரோட்டோருவா வட்டார ஏரிகளில், ஒரு நீண்ட கயிற்றில் பெரணிக் கட்டுகளை வரிசையாகக் கட்டி அடியில் இறக்கிவிடுவார்கள். கோவுரா என்னும் அவர்கள் ஊர்க் கிரேஃபிஷ் ஒதுங்க இடம் தேடி அதற்குள் புகுந்துகொள்ளும். சில வாரம் கழித்து ஒவ்வொரு கட்டையும் மெல்லத் தூக்கி, அடியில் வலை பிடித்து உதறி எடுப்பார்கள். இரையும் வேண்டாம், எதுவும் அடிபடுவதில்லை. சிறியவை திரும்ப ஏரிக்கே போகும்.

சமையலுக்கு வருவோம். ஸ்வீடனில் கிரேஃபிஷ் ஆகஸ்ட் மாத விருந்து. பூத்த சோயிக்கீரைத் தண்டுகளை நிறையப் போட்டு உப்புநீரில் வேகவைத்து, அந்த நீரிலேயே இரவெல்லாம் ஊறவிட்டுக் குளிரக் குளிரச் சாப்பிடுவார்கள். லூயிசியானாவில் அறுவடை முடிந்த நெல்வயலில் தண்ணீர் கட்டி வளர்க்கிறார்கள். தாளடி மக்கித் தீனியாகிறது. பெரிய அண்டாவில் மிளகாய், கொத்தமல்லி விதை, கடுகு, பிரிஞ்சி இலை, எலுமிச்சையோடு உருளைக்கிழங்கும் சோளமும் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். அடுப்பை அணைத்த பிறகு அந்த நீரில் ஊறும் நேரத்தில்தான் காரம் உள்ளே இறங்குகிறது. சீனாவின் ஹூபெய், ஜியாங்சு மாகாணங்களில் மிளகாயும் சிச்சுவான் மிளகும் பூண்டுமாக எண்ணெயில் வதக்குகிறார்கள். உலகிலேயே மிக அதிகமாக விளைவிப்பதும் உண்பதும் அவர்கள்தான்.

உங்கள் சட்டிக்கு என் யோசனை: பிடித்ததைச் சுத்தமான நீரில் ஒரு நாள் வைத்திருங்கள், குடல் காலியாகும். பிறகு பனிக்கட்டி நிறைந்த நீரில் குறைந்தது 20 நிமிடம் போட்டால் உணர்விழக்கும். உயிர்த்துடிப்போடு கொதிநீரில் போடுவதை நான் ஏற்பதில்லை. உப்புநீரில் 3 முதல் 5 நிமிடம் வேகவைத்து, வாலைத் திருகிப் பிரித்து, ஓட்டையும் நடுவில் ஓடும் கறுப்பு நரம்பையும் நீக்குங்கள். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டாம்; கிரேஃபிஷ் வழியாக நுரையீரல் புழு பரவும் இடங்கள் உலகில் உண்டு.

நண்டுக் குழம்பு பக்குவம் பொருந்தும், ஆனால் நண்டைப்போல மசாலாவில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் சதை ரப்பராகிவிடும். தலையையும் கொடுக்குகளையும் எண்ணெயில் சிவக்க வறுத்து, இடித்து, நீர்விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். சின்ன வெங்காயம், மிளகு, சோம்பு, பூண்டு அரைத்த மசாலாவை அந்தச் சாற்றில் கூட்டி வற்றவிட்டு, இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு வால் சதையைப் போட்டுப் புரட்டினால் போதும். ஒன்றில் கிடைக்கும் சதை கொஞ்சம்தான். ஆளுக்குப் பத்தாவது வைத்துக்கொள்ளுங்கள்.