விலையில்லாப் படங்கள்: எடுக்கும் முறையும் எல்லையும்

முன்னாளில் நம் சங்க விற்பனை நிலையத்திற்கு வந்தோர் சேலையை விரித்து, கரையைத் தடவி, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினர். மஞ்சள் கொள்வோர் விரலியை ஒடித்து உள்நிறம் கண்டனர். இன்று வாங்குவோருள் ஒரு பகுதியினர் நம் ஊருக்கு வருவதுமில்லை. நம் சரக்கைத் தொடுவதுமில்லை. சங்கத்தின் இணையதளத்தில் நாம் இடும் படமே அவர்களுக்குக் கண்ணும் கையும் ஆகின்றது. ஆகவே, இணையதளம் அமைக்க முற்படும் சங்கங்கள் படங்களைப் பற்றிச் சிறிது கற்றாக வேண்டும்.

படம் எடுக்க ஆள் அமர்த்தினால் செலவுண்டு. இணையத்திலோ இலட்சக்கணக்கான படங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. சிக்கனம் கருதும் சங்கம் அவற்றை நாடுவது இயல்பே. அதில் குற்றமும் இல்லை. ஆயினும் எங்கே எடுக்கலாம், எந்த நிபந்தனையின்பேரில் எடுக்கலாம், எதற்கு எடுக்கலாகாது என்னும் மூன்றையும் அறிந்தே எடுத்தல் வேண்டும். இம்மூன்றையும் முறையே ஆராய்வோம்.

1. விலையின்மையும் உரிமையும்

இணையத்தில் காணும் படமெல்லாம் பொதுச் சொத்து என்று பலர் எண்ணுகின்றனர். வேலியில்லாத் தோப்பு என்பதனால் அதன் தேங்காய் ஊர்ப்பொது ஆகிவிடாது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் படம் எடுத்த அக்கணமே அதற்குப் பதிப்புரிமை உண்டாகின்றது. பதிவு செய்தல் கட்டாயமன்று. படத்தின்மேல் பெயர் எழுதியிருத்தலும் வேண்டுவதில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அவ்வுரிமை எடுத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் நிலைக்கும்.

கூகிள் முதலிய தேடற்பொறிகள் படத்தைக் காட்டுவனவே அன்றி, அதனை நமக்கு வழங்குவன அல்ல. தேடலில் ஒரு படம் கிடைத்தால், அது இருக்கும் மூலப் பக்கத்திற்கே சென்று, அங்கு எழுதியுள்ள உரிமத்தைப் படித்தல் வேண்டும். உரிமம் எதுவும் எழுதப்படாத படம் பிறர் சொத்து என்றே கொள்க.

2. உரிம வகைகள்

படைத்தவரே தம் படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே இசைவளிக்கும் முறையை, 2001-இல் அமெரிக்காவில் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு வகுத்தது. அதன் முதல் உரிமங்கள் 2002-இல் வெளிவந்தன. அவற்றில் நான்கு நிபந்தனைகள் பலவாறு சேர்ந்து வரும். முதலாவது, எடுத்தவர் பெயரைக் குறித்தல். இரண்டாவது, மாற்றியமைத்த படத்தை வெளியிட்டால் அதே உரிமத்தின்கீழ் வெளியிடல். மூன்றாவது, வணிகத்திற்குப் பயன்படுத்தாமை. நான்காவது, மாற்றிய வடிவத்தைப் பரப்பாமை. இவையேயன்றி, எந்த நிபந்தனையுமின்றிப் பொதுவுக்கே விட்டுவிடும் சிசி ஜீரோ என்னும் முறை 2009 முதல் உள்ளது.

இவற்றுள் மூன்றாவது நிபந்தனையை நாம் முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். நம் சங்கம் இலாப நோக்கம் கொண்டதன்று என நாம் எண்ணலாம். எனினும், சேலையும் மஞ்சளும் விற்கும் பக்கம் வணிகப் பக்கமே. ஆதலின் அந்நிபந்தனையுள்ள படத்தை அங்கு இடலாகாது.

3. படங்கள் கிடைக்கும் இடங்கள்

விக்கிமீடியா காமன்ஸ் என்னும் களஞ்சியம் 2004-இல் தொடங்கியது. அங்கே ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனி உரிமம் உண்டு. பெரும்பாலானவற்றிற்கு எடுத்தவர் பெயரைக் குறிக்க வேண்டும். அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சபே என்னும் மூன்றும் தத்தம் சொந்த உரிமங்களின்கீழ்ப் படங்களை அளிக்கின்றன. வணிகப் பயனுக்கு அவை இடந்தருகின்றன. பெயர் குறித்தலைக் கட்டாயமாக்குவதில்லை. ஆயினும் படத்தை அப்படியே விற்றலை அவை அனுமதிப்பதில்லை. அன்ஸ்பிளாஷ் 2017 வரையிலும், பிக்சபே 2019 தொடக்கம் வரையிலும் சிசி ஜீரோ முறையைக் கைக்கொண்டிருந்து, பின்னர் மாற்றிக்கொண்டன. உரிமம் மாறக்கூடியது என்பதற்கு இதுவே சான்று.

நெசவாளர்க்குச் சிறப்பாகப் பயன்படும் இடம் மற்றொன்றுண்டு. நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் கலைக்காட்சியகம், பதிப்புரிமைக் காலம் கடந்த தன் பொருள்களின் படங்களை 2017 பிப்ரவரியில் சிசி ஜீரோ முறையில் உலகுக்கு விட்டது. சோழமண்டலக் கடற்கரையில் 18-ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு ஏற்றுமதிக்கென வண்ணம் தீட்டப்பட்ட பருத்தித் துணிகள் அங்கு உள்ளன. நம் முன்னோர் கைவேலையை நாமே படமாக எடுத்து, நம் தொழிலின் வரலாற்றைக் கூறும் பக்கத்தில் இடலாம். பயிர் செய்வோர், வில்லியம் ராக்ஸ்பர்க் 1795 முதல் இலண்டனில் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவர நூலின் ஓவியங்களை அவ்வாறே பயன்படுத்தலாம்.

4. எதற்கு எடுக்கலாகாது

மழைமேகம், வயல்வெளி, விளக்கு, பூக்கோலம் போன்ற பொதுக் காட்சிகளுக்கு இரவற்படம் போதும். நாம் விற்கும் சரக்கிற்கு மட்டும் இரவற்படம் ஒருக்காலும் ஆகாது. இதுவே இப்பாடத்தின் சாரம்.

ஏன் ஆகாது? இந்தியச் சேலை என்று தேடினால் காசிப் பட்டும், விசைத்தறித் துணியும், செயற்கை இழையும் ஒன்றாகவே வந்து நிற்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்பெற்று, இழையோடு இழை கோக்கப்படுகின்றன. அந்த இணைப்பைக் காட்டாத வேறொரு துணியின் படத்தைக் காஞ்சிப் பட்டு என்று இட்டால், அறிந்தவர் நகைப்பர், அறியாதவர் ஏமாறுவர். இன்று கணினியே புனைந்த படங்களும் இக்களஞ்சியங்களிற் கலந்துள்ளன. எந்தத் தறியிலும் நெய்யப்படாத சேலையைக் காட்டி நாம் எதனை அனுப்புவோம்? மஞ்சளும் அத்தகையதே: விரலியின் படத்தைக் காட்டிக் கிழங்கு மஞ்சளை அனுப்பினால், வாங்கியவர் மறுமுறை நம்மிடம் வாரார்.

சட்டமும் இதில் கண்டிப்பானது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பொய்யான அல்லது மயக்கந்தரும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். தண்டத்தினும் பெரிது நம்பிக்கையின் இழப்பு. காஞ்சிபுரம் பட்டும் ஈரோடு மஞ்சளும் புவிசார் குறியீடு பெற்றவை. அப்பெயர்களின் மதிப்பு, சொன்னதும் கொடுத்ததும் ஒன்றாயிருப்பதில் தங்கியுள்ளது. ஒரு சங்கம் செய்யும் பிழை அப்பெயரால் வாழும் அனைவரையும் தாக்கும்.

இரவற்படத்தில் உள்ள முகத்தை நம் நெசவாளி என்று காட்டுவதும் தகாது. சங்கத்தின் வணிகச் சின்னத்தையும் விலையில்லாப் படத்திலிருந்து அமைக்கலாகாது. அதே படத்தை வேறெவரும் எடுக்கலாம். அது நமக்கே உரிய அடையாளமாக நில்லாது.

5. படப் பதிவேடு

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித், தாம் எடுத்த பல்லாயிரம் படங்களை அந்நாட்டுப் பேரவை நூலகத்திற்கு அளித்து, யாவரும் விலையின்றிப் பயன்படுத்துமாறு விட்டார். 2015 டிசம்பரில், தம்முடைய படம் ஒன்றைத் தம் இணையதளத்தில் இட்டிருந்ததற்காக, 120 டாலர் கேட்டு அவருக்கே ஒரு கடிதம் வந்தது! அவர் 2016-இல் வழக்குத் தொடுத்தார். ஆயினும் பதிப்புரிமையின்பாற்பட்ட அவர் கோரிக்கைகளை நீதிமன்றம் ஏற்கவில்லை. எடுத்தவருக்கே இந்நிலையெனின், எடுத்தாள்வோர் எவ்வளவு விழிப்பாயிருத்தல் வேண்டும்!

எனவே, சரக்கிருப்புப் பதிவேடு போலப் படங்களுக்கும் ஒரு பதிவேடு வைத்தல் நலம். படத்தின் பெயர், எடுத்தவர், கிடைத்த பக்கத்தின் முகவரி, உரிமம், இறக்கிய நாள், இட்ட இடம் ஆகிய ஆறு பத்திகள் போதும். அன்றைய உரிமப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். பணம் கேட்டுக் கடிதம் வருமாயின் அதுவே நம் சான்று.

6. நம் படத்தை நாமே எடுத்தல்

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. உறுப்பினர் கையிலுள்ள கைபேசியே போதும். காலை வேளையில் நேர்வெயில் படாத சன்னலோரத்தில் சேலையை விரித்து, பின்னால் வெள்ளைத் துணி கட்டுக. செயற்கை மின்னொளி பாய்ச்சினால் சரிகை கூசி நிறம் பொய்க்கும். முழுச்சேலை, முந்தானை, கரை, பின்புறம் என நான்கு படங்கள் எடுக்க. விளைபொருளாயின் அருகில் ஓர் அளவுகோலை வைக்க.

கூலி கொடுத்து எடுப்பித்த புகைப்படத்தின் முதல் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, எடுப்பித்த சங்கத்திற்கே உரியதெனச் சட்டம் கூறுகின்றது. அன்பின்பேரில் இலவசமாக எடுத்துக் கொடுத்தவரிடமோ எழுத்து மூலம் இசைவு பெறல் வேண்டும். தறியில் அமர்ந்துள்ள உறுப்பினரின் முகம் தெரியுமாயின், அவரிடமும் இசைவு பெறுக.

முடிவாக ஒன்று. பொதுக் களஞ்சியத்தில் எடுப்போர் மட்டுமே இருப்பின் அது களஞ்சியமாக நிலைக்காது. சங்க நிதியில் பங்கு செலுத்தியன்றோ நாம் கடன் பெறுகின்றோம்? நம் தறியையும் வயலையும் உள்ளவாறே எடுத்த நல்ல படங்கள் சிலவற்றை, பெயர் குறிக்கும் உரிமத்துடன் நாமும் அங்கே சேர்ப்போமாக. அப்போது கைத்தறி என்று தேடும் அயலார் கண்முன் உண்மையான கைத்தறியே வந்து நிற்கும்.

ஆய்வு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் சங்கத்தின் இணையதளத்திலும் விளம்பரத் தாளிலும் உள்ள படங்கள் யாருடையவை? அவற்றிற்கு இசைவுச் சான்று உண்டா?
2. வணிகப் பயனை விலக்கும் உரிமம் சங்கத்திற்கு ஏன் பொருந்தாது?
3. படப் பதிவேட்டைப் பேணும் பொறுப்பை யாரிடம் ஒப்புவிக்கலாம்?
4. பொதுக் களஞ்சியத்திற்கு நாம் அளிக்கத்தக்க படங்கள் யாவை?