மெடிக்கலில் வேலைக்குச் சேர்கிறீர்களா? உதவியாளருக்கு எட்டுப் படிகள்

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கும் பனகல் சாலையின் மருந்துக்கடை ஆனாலும், வாடிப்பட்டி கடைத்தெருவின் சின்ன மெடிக்கல் ஆனாலும், கவுண்ட்டரில் நிற்கும் உதவியாளரின் வேலை ஒன்றுதான். சரியான ஆளுக்கு, சரியான மருந்து, சரியான அளவில் போய்ச் சேர வேண்டும். கை வேகம் இரண்டு மாதத்தில் தானாக வந்துவிடும். சந்தேகம் வந்த இடத்தில் கையை நிறுத்தும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வளர்த்தாக வேண்டும்.

1. உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, மருத்துவர் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உண்டு. நீங்கள் அடுக்கலாம், எடுத்து வைக்கலாம், பில் போடலாம், இருப்பைக் கணக்கிடலாம். சீட்டு மருந்து மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். அவர் கடையில் இல்லாதபோது “நீயே பார்த்துக் குடுத்துரு தம்பி” என்று முதலாளி சொன்னாலும், “அண்ணன் வரட்டும்ங்க” என்பதே சரியான பதில்.

2. ராக்கைப் படியுங்கள்

பிராண்டு பெயரோடு அதன் மூலப்பெயரையும் மனத்தில் பதியுங்கள். பிராண்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அன்றாடம் விற்கும் மூலப்பெயர்கள் சில நூறுதான். தினம் பத்து எழுதிப் பார்த்தால் போதும். சரக்கு வந்ததும் சீக்கிரம் காலாவதியாவதை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் அடுக்குங்கள். காலாவதியானதை அன்றே தனிப்பெட்டியில் ஒதுக்குங்கள்.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்; உறைந்தால் வீண். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. உசிலம்பட்டிக்குப் பேருந்தில் போகிறவருக்கு, ஐஸ் பை மருந்தின் மேல் நேராகப் படாதபடி துணியோ தாளோ இடையில் வைத்துக் கட்டிக் கொடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு ஃபிரிட்ஜின் வெப்பமானியைப் பார்ப்பதும் உங்கள் வேலை.

3. சீட்டை முழுதாக வாசியுங்கள்

நோயாளியின் பெயர், வயது, தேதி, மருத்துவரின் பதிவு எண், பிறகுதான் மருந்து. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். எழுத்து புரியவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். மருந்தாளுநரிடம் கொடுங்கள், அவர் மருத்துவரை அழைத்துக் கேட்பார்.

4. மூன்று முறை பாருங்கள்

ராக்கிலிருந்து எடுக்கும்போது, பில் போடும்போது, கையில் கொடுக்கும்போது. கார்பிமசோல் தைராய்டுக்கு, கார்பமசெபைன் வலிப்புக்கு. ஓசையில் நெருக்கம், வேலையில் வெகுதூரம். பெயர் சரியாக இருந்தாலும் அளவு தவறலாம். தைராக்சின் 25, 50, 100 மைக்ரோகிராம் என்று பல அளவில் வரும். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போனால் குழந்தைக்கு அளவு பல மடங்கு மாறிவிடும்.

5. பேட்ச் எண்ணை விடாதீர்கள்

2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கண்டறியப்பட்டது. அதைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் உயிரிழந்தார்கள். இப்படித் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால், எந்த பேட்ச் யாருக்குப் போனது என்று பில்லை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால் பில் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது, பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடையில் மிஞ்சும்படி வெட்டுங்கள். வாங்குபவரின் உறையில் அந்தத் தேதியை எழுதுங்கள்.

6. சொல்லிக் கொடுங்கள்

“அந்தச் சின்ன வெள்ள மாத்திரை குடுப்பா” என்று வருகிற பாட்டிக்கு நிறம்தான் பெயர். பிராண்டு மாறினால் நிறமும் மாறும். வீட்டிலிருக்கும் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டு, பிரஷர் மாத்திரை இரட்டிப்பானவர்கள் உண்டு. ஆகவே மருந்தாளுநர் வேறு பிராண்டு கொடுக்கச் சொன்னால், “அப்பத்தா, இது பழைய மாத்திரைக்குப் பதிலு, ரெண்டையும் போட்றாதீக” என்று சொல்லுங்கள். உறையில் சூரியனும் நிலவும் வரைந்தால் எழுத்து தெரியாதவருக்கும் வேளை புரியும்.

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறைதான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் கேட்டு உறையில் எழுதுங்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976 முதல் இயங்கும் ஊர் என்பதால், கண் சொட்டு மருந்து கேட்டு நிறையப் பேர் வருவார்கள். இரண்டு வகை இருந்தால் இடையில் ஐந்து நிமிடம் விடச் சொல்லுங்கள். திறந்த நாளைப் புட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். காதுக்கான சொட்டு மருந்தைக் கண்ணில் விடக் கூடாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

7. மறுக்கப் பழகுங்கள்

தூக்க மாத்திரை, காசநோய் மருந்து, வீரியமான சில ஆன்டிபயாடிக் ஆகியவை 2014 மார்ச் முதல் ஹெச்1 பட்டியலில் உள்ளன. அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை என எல்லாவற்றையும் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். சீட்டில்லாமல் கேட்பவர் தெரிந்தவராக இருந்தாலும் கிடையாது. காய்ச்சலுக்கு “ஏதாவது ஒரு செட் குடுங்க” என்பவரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அந்த விற்பனை போகட்டும்.

8. மருந்தாளுநர் ஆகுங்கள்

எத்தனை ஆண்டு நின்றாலும் அனுபவம் மட்டும் பதிவைத் தராது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்தவர்கள் டி.ஃபார்ம். சேரலாம். இரண்டாண்டுப் படிப்பும் 500 மணி நேரப் பயிற்சியும் முடித்துத் தமிழ்நாடு மருந்தியல் கவுன்சிலில் பதிய வேண்டும். 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளுடன் தொடங்கிய முதல்வர் மருந்தகம் திட்டத்தில் கடை நடத்த விண்ணப்பித்தவர்களிடமும் டி.ஃபார்ம். அல்லது பி.ஃபார்ம். கேட்டார்கள். கவுண்ட்டரில் ஓராண்டு கவனமாக நின்றவருக்கு அந்தப் பாடங்கள் பாதி தெரிந்தவையாகவே இருக்கும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே விண்ணப்பப் படிவத்தை வாங்கிவிடுங்கள்.